வெறுந்தட்டும் ஏழு பொத்தானும்

சகாயம்மாளுக்கு யார் யாரெல்லாம் ஆகாது என்று கேட்டால் பொழுது போய்விடும். யார் ஆகும் என்று கேட்டால் சட்டென்று முடிந்துவிடும். புருஷன் பாஸ்கல், மகன் ஷெர்வின், கோயிலில் இருக்கிற அந்தோணியார் சுரூபம். முத்தாபுதுப்பேட்டையில் மற்ற அத்தனை பேரும் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். தண்ணீர் லாரிக்காரர், குப்பை வண்டிக்காரர், பூசைக்கு நடுவில் காணிக்கைப் பை நீட்டுகிறவர், ஒருவரும் தப்பவில்லை. புருவம் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிற முகம் அவளுக்கு. அதில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் வாசலில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, நின்றால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் நிற்பாள்.

இதெல்லாம் சில்லறைப் பகை. மொத்தமாக ஒரு பகை இருந்தது, ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம். பெயர் வனஜா. புருஷன் லட்சுமணன் ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த புதிதில் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததும், ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனதும் சகாயம்மாள்தான். அப்போது வனஜா அவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டாள்.

பாஸ்கல் அந்தக் காலத்தில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அடியில் வடிவமாக வெட்டித் தள்ளுகிற எந்திரம். ஒரு மத்தியானம் சகாயம்மாள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. பாஸ்கல் சார் வீட்டம்மாங்களா, பதட்டப்படாமக் கேளுங்க என்று ஒரு குரல் மகா மரியாதையாகப் பேசியது. அந்த ஷாப்பில் பாஸ்கலை ஒரு பயலும் சார் என்று சொன்னது கிடையாது. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததுமே அவளுக்கு விபரீதம் என்று புரிந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எந்திரம் தின்றிருந்தது.

அன்றிலிருந்து யாராவது மரியாதையாகக் கூப்பிட்டால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பயப்படுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு கத்துவாள். கத்தினால் எதிராளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பானே தவிர, இவள் பயத்தைக் கவனிக்க மாட்டான். கைகண்ட மருந்து. வாயாடி என்று பேர் வாங்குவதில் அவளுக்கு வருத்தமே இல்லை. பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கினால் ஊர் ஏறி மிதித்துவிடும் என்று நினைத்தாள். இந்த ரகசியத்தை அவள் பாஸ்கலிடம்கூடச் சொன்னதில்லை.

கை போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவள் பலகாரம் சுட்டிருக்கவே வேண்டாம். வீம்புக்குச் சுட்டாள். கல்கல், அதிரசம், முறுக்கு, ரோஸ் குக்கி. கை போனாலும் குடும்பம் சாயவில்லை என்று தெருவுக்குத் தெரிய வேண்டாமா? பாஸ்கலின் பேர் வெட்டிய எவர்சில்வர் தட்டில் முதல் பங்கு வனஜா வீட்டுக்குத்தான் போயிற்று. பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்பது நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் நீட்டுவார்கள்.

வனஜா வீடு அன்று சாயங்காலமே பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனது. அரைப் பரீட்சை லீவு, போயிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சில நாள் கழித்து வனஜா மட்டும் வந்து மதில்மேல் கையை நீட்டித் தட்டைக் கொடுத்தாள். கழுவித் துடைத்த வெறுந்தட்டு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவள் முகத்தைப் பொறுக்க முடியவில்லை. மேலுதடு ஏறி, மூக்கோரம் சுருங்கி, வாய் இரண்டு பக்கமும் கீழே இழுத்துக்கொண்டு, நாறிப்போன எதையோ கையில் பிடித்தவள் மாதிரி நின்றாள். விரல் போனவன் வீட்டுப் பண்டம் இவளுக்குக் குமட்டுகிறதா என்று சகாயம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“இன்னா, உங்கூட்ல எழவா வுழுந்துகீது, வெறுந்தட்ட நீட்டிகினு நிக்கிற?” என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

எழவு விழுந்துதான் இருந்தது. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் சாத்தூரில் வனஜாவின் அப்பா கண்ணை மூடிவிட்டார். அப்பன் காரியம் முடியாத பெண் இனிப்பைத் தொட்டுப் பிறத்தியாருக்குக் கொடுக்க மாட்டாள்; பிறத்தியார் பாத்திரத்தையும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாள். மாற்றுத்துணி எடுக்க வந்தவள் தட்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மதிலோரம் வந்திருக்கிறாள். சொல்ல வாயெடுத்தாளோ என்னவோ, இவள் வாய் முந்திக்கொண்டது. வனஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதோடு சரி, இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை அறுந்தது.

விஷயம் தெரிந்ததும் சகாயம்மாள் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மனுஷியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் தப்புச் செய்துவிட்டவர்களுக்குப் பிடித்துத் தொங்க ஒரு கொம்பு வேண்டுமே, இவளுக்கு அந்த முகம் கிடைத்தது. துக்க வீடு, வெறுந்தட்டு, சரி, ஒத்துக்கொள்கிறேன். செத்தது உன் அப்பன் என்றால் என் தட்டைப் பார்த்து ஏன் முகம் சுளித்தாய்? கேட்டவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள்.

பேச்சுத்தான் நின்றது, பார்ப்பது நிற்கவில்லை. மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போதும், வாசல் தெளிக்கும்போதும், ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க நிற்கும்போதும் ஒருத்தியை ஒருத்தி ஓரக்கண்ணால் அளந்துகொண்டேயிருந்தார்கள். அவள் புருவம் ஏறினால் புருஷனோடு சண்டை. இவள் கன்னம் இறுகினால் வீட்டில் அரிசி இல்லை. இப்படிப் பகையாளியைப் படித்த அக்கறையில் பாதியைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருந்தால் இருவரும் கலெக்டர் ஆகியிருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு பகல், ஆம்புலன்ஸ் ஒன்று வழி தெரியாமல் தெருவுக்குள் நுழைந்து சகாயம்மாள் வாசலில் வந்து நின்றது. பாஸ்கல் அந்நேரம் கடைக்குப் போயிருந்தார். அவள் வெளியே ஓடிவந்து டிரைவரின் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினாள். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த வனஜா அவள் முகத்தைப் பார்த்தாள். எப்போதும் பதிலுக்கு முறைக்கிறவள் அன்று முறைக்கவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டு வாங்கிய டிரைவரைவிட அந்தத் தாழ்ந்த கண்தான் சகாயம்மாளை அதிகம் எரிச்சல்படுத்தியது. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

பாஸ்கல் திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அந்தச் சம்பளமும் இல்லை. ஷெர்வின் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். வீடு நடந்தது சகாயம்மாளின் வேலையால்தான். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிப் போகிற தூரத்தில், எஸ்டேட்டுக்குள் பழைய பெயிண்ட் கிடங்கை மாற்றிக் கண்ணாடி போட்ட ஒரு கம்பெனி. பன்னிரண்டாவது படித்த பெண்கள் வேண்டும், எந்த வயதும் ஆகலாம் என்று கோயில் பலகையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள். ஏசி உண்டு, நாற்காலி உண்டு, யாரும் அதட்டுவதில்லை. இதை விட்டால் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நின்றுகொண்டே நூல் வெட்ட வேண்டியதுதான். அதற்கு அவள் முழங்கால் ஒத்துழைக்காது.

வேலை என்னவென்றால் முகம் பார்ப்பது. கம்ப்யூட்டரில் ஒரு முகம் வரும், கீழே ஏழு பொத்தான் இருக்கும். மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு, கடைசியாக ‘ஒன்றுமில்லை’ என்று ஒரு பொத்தான். எதுவோ அதை அழுத்தினால் அடுத்த முகம் வரும். டீம் லீடர் ஜெபா, ஆவடிப் பெண், முதல் நாள் விளக்கினாள். நியூரல் நெட்வொர்க் என்று ஒன்று இருக்கிறதாம், மூளை மாதிரி அடுக்கடுக்காகக் கணக்குப் போடுமாம். முதல் அடுக்குக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியும், அடுத்ததற்குப் புருவம், உதடு, கண்ணோரம். கடைசி அடுக்கு இது கோபம், இது அழுகை என்று தீர்ப்புச் சொல்லும். தானாக அதற்கு எதுவும் தெரியாது, நாம் அழுத்துவதைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே படம் இரண்டு பேருக்குப் போகும், யாருக்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. இருவரும் ஒன்றையே சொன்னால் அது மெஷினுக்கு. மாற்றிச் சொன்னால் மூன்றாம் ஆளுக்கு.

இந்த மெஷினை வாங்குகிறவர்கள் கடைக்கு வருகிறவன் கடுப்பில் வருகிறானா, லாரி ஓட்டுகிறவன் தூங்கி வழிகிறானா, வேலை கேட்டு வருகிறவன் உள்ளே என்ன நினைக்கிறான் என்றெல்லாம் பார்ப்பார்களாம். சகாயம்மாள் அன்றைக்கே அதை வெறுத்துவிட்டாள். முகத்தைப் பார்த்து மனசைத் தோண்டுகிற சாமான் உலகத்தில் பெருகினால் தன்னைப் போன்றவர்கள் எங்கே போய் ஒளிவது? ஆனால் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது. திட்டிக்கொண்டே அழுத்தினாள்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலை, நாலு வரிசை தள்ளி வனஜா உட்கார்ந்திருந்தாள். மகள் வித்யா கல்யாணமாகிப் போய்விட்டாள், வீட்டில் பொழுது போகவில்லையாம். சகாயம்மாளுக்கு வயிறு எரிந்தது. சர்க்கார் சம்பளக்காரன் பெண்டாட்டிக்கு இங்கே என்ன கேடு? மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது போதாது என்று வேலைக்கும் வந்துவிட்டாளா? ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஒருத்தி ஒரு கோடியிலும் மற்றவள் மறுகோடியிலும் நின்றார்கள். டீ குடிக்கிற நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட இருவரைத்தான் ஒரு திங்கட்கிழமை மேனேஜர் வெங்கட் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடம், ரெண்டு பேரும் கொஞ்சம் கேபினுக்கு வர முடியுங்களா என்று மிகவும் பதமாகக் கேட்டார். அந்தப் பதம் காதில் விழுந்ததுமே சகாயம்மாளுக்கு அந்தப் பழைய ஃபோன் குரல் ஞாபகம் வந்தது.

வெங்கட் சொன்னது இதுதான். சுலபமான முகத்தில் எல்லாரும் ஒத்துப்போவார்கள், கஷ்டமான முகத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அது இயற்கை. ஆனால் இவர்கள் இருவருக்கும் பொதுவாக விழுந்த படங்களில், அடுத்தவர்கள் அடித்துக்கொள்கிற முகங்களில்கூட, இவள் அழுத்தியதையே அவளும் அழுத்தியிருக்கிறாள். வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கண்ணில் பட்டுவிட்டது. ஒருத்தி பார்த்து ஒருத்தி எழுதுகிறாள் என்கிறான். விலாசத்தை எடுத்துப் பார்த்தால் அடுத்தடுத்த கதவு, ஒரே ரயில். நெருங்கிய சிநேகிதிகள் போலிருக்கிறது, ஃபோனில் பேசி வைத்துக்கொண்டு அழுத்துகிறீர்களா என்று கேட்டார்.

திருடி என்று சொல்லியிருந்தால்கூட சகாயம்மாளுக்கு இவ்வளவு ஏறியிருக்காது. சிநேகிதி என்றதும் வாய் திறந்துகொண்டது.

“யாருக்கு யாரு சிநேகிதி? இவளாண்ட நான் பேசி எத்தினி வருஷமாச்சின்னு எங்க தெருவுல வந்து கேளு. இவ செத்தா நான் எட்டிப் பாக்க மாட்டேன்.”

“இவங்க சொல்றது நெசம்தான் சார்,” என்றாள் வனஜா. “இதுல மட்டும்.”

வெங்கட் சிரித்தார். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், இன்றைக்கே கணக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. வருகிற விருந்தாளிகளுக்கு மெஷினின் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காக அறைக்குள்ளேயே கேமரா வைத்து, உட்கார்ந்திருப்பவர் முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு அதன் தீர்ப்பையும் எழுதிக் காட்டுகிற ஏற்பாடு. சகாயம்மாளின் முகத்துக்கு மேலே கோபம் என்று எழுதியிருந்தது. அதில் புதுமை ஒன்றுமில்லை. பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தாள். வேலை போகிறது என்று கேட்டு நின்ற வனஜாவின் முகம். மேலுதடு ஏறி, மூக்கோரம் சுருங்கி, வாய் கீழே இழுத்து, அச்சு அசலாக மதிலோரம் பார்த்த அதே முகம். மேலே அருவருப்பு என்று எழுதியிருந்தது.

வேலை போகிற அந்த நேரத்திலும் சகாயம்மாளுக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. பார், மெஷினே சொல்லிவிட்டது, நான் அன்றைக்கே சொன்னேன். இதைத் தெருவுக்கே போட்டுக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

ஜெபாதான் குறுக்கே வந்து ஒரு வழி சொன்னாள். இதுவரை யாரும் பார்க்காத படங்களைக் கொடுக்கலாம், ஃபோனை வாங்கிக்கொண்டு இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைக்கலாம். பழையபடியே ஒத்துப்போனால் இவர்கள் கள்ளத்தனம் செய்யவில்லை. ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் போக வேண்டியதுதான். படம் முன்கூட்டியே கசிந்தது என்று யாரும் சொல்லாதபடி இந்த அறை கேமரா இப்போது எடுத்த இவர்கள் முகங்களையும் கடைசியில் சேர்த்துவிடலாம், அந்த இரண்டிலும் கட்டாயம் ஒத்துப்போக வேண்டும். வெங்கட் தலையாட்டினார்.

சகாயம்மாள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தாள். பழைய கீபோர்டுகளின் தூசு மூக்கில் ஏறியது. முகம் முகமாக வந்தது. சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டி உள்ளே புகைகிற ஒருவன். மைக் முன்னால் நின்று ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தாலும் தொண்டைக்குழி வற்றிப்போன ஒரு பெண். பிள்ளையைப் பறிகொடுத்ததோ பரிசு வாங்கியதோ என்று பிரித்துச் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்ட ஒரு கிழவர். ஒவ்வொன்றுக்கும் அவள் எதை அழுத்த வேண்டும் என்று யோசிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது என்ன என்று யோசித்தாள். இவ்வளவு நாளும் அப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. உறைத்ததும் வெறுப்பாக இருந்தது.

கடைசிக்கு முந்தின படம் வனஜா.

எத்தனையோ வருஷமாக அவள் அந்த முகத்தைத் திருட்டுத்தனமாகத்தான் பார்த்திருக்கிறாள். கண்ணும் கண்ணும் முட்டுவதற்குள் திருப்பிக்கொள்வாள். இப்போது அது திருப்பிக்கொள்ளாமல், முறைக்காமல், அப்படியே நின்றது. மூக்கோரச் சுருக்கத்தைப் பார்த்தாள், மெஷின் சொன்னது சரிதான். பிறகு மோவாயைப் பார்த்தாள். கல்லு மாதிரி குழிகுழியாக இறுகியிருந்தது. புருவத்தின் உள்முனை இரண்டும் மேலே எழும்பியிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. குமட்டுகிறவளுக்கு மோவாய் இப்படி இறுகாது. அழுகை வாய்வரைக்கும் வந்து, பிறத்தியார் முன்னால் அதை விடமாட்டேன் என்று பல்லைக் கடிக்கிறவளுக்குத்தான் இறுகும். பாஸ்கலை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று லிஃப்ட் கண்ணாடியில் தன் முகத்தில் இதைப் பார்த்திருக்கிறாள்.

தட்டை நீட்டிய அன்றும் மோவாய் இப்படித்தான் இருந்தது. அன்றைக்கே பார்த்தாள், பார்த்ததை ஒதுக்கிவிட்டு மூக்கை மட்டும் வைத்துக்கொண்டாள். அப்பனைப் பறிகொடுத்து அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்துத்தான் எழவு விழுந்ததா என்று கேட்டிருக்கிறாள்.

அருவருப்பை அழுத்திவிடலாம். மெஷின் அவள் பக்கம் இருக்கிறது. இத்தனை வருஷப் பகை நியாயமான பகையாகவே இருந்துவிட்டுப் போகும். ஆனால் அடுத்த அறையில் வனஜா தன் முகத்துக்கு எதை அழுத்துவாள்? அவளைப் பற்றி எத்தனை கெட்டது வேண்டுமானாலும் சொல்லலாம், பொய்க்காரி என்று சொல்ல முடியாது. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. சகாயம்மாள் கெட்ட வார்த்தை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு துக்கத்தை அழுத்தினாள்.

கடைசிப் படம் அவளே.

புருவம் முட்டிக்கொண்டு, வாய் பாதி திறந்து, பார்க்கவே சகிக்கவில்லை. மெஷின் கோபம் என்றது. தெரு கோபம் என்றது. பெற்ற மகனே அம்மாவுக்கு மூக்குமேல கோபம் என்பான். எல்லாரும் சொல்வதை அழுத்திவிட்டால் பிழைத்தோம். வனஜாவும் அதைத்தானே அழுத்துவாள், ஊரிலேயே பெரிய திட்டு வாங்கியவள் அவளல்லவா. விரலைக் கோபத்தின்மேல் வைத்தவளுக்கு ஆம்புலன்ஸ் வந்த அன்று மாடியில் தாழ்ந்த அந்தக் கண் ஞாபகம் வந்தது.

முறைக்க வேண்டியவள் ஏன் முறைக்கவில்லை? கோபக்காரியைப் பார்த்து யாராவது கண்ணைத் தாழ்த்துவார்களா? ஒருவர் துணி நழுவி நிற்கும்போதுதான் நாம் அப்படிப் பார்வையைத் தாழ்த்துவோம். சகாயம்மாள் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். இது கோபமில்லை, பயம் என்று வனஜாவுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நம்பிக் கோபத்தை அழுத்தினால் வேலை போகும். தெரியும் என்று நம்பிப் பயத்தை அழுத்தினால் வேலை தங்கும், ஆனால் இத்தனை காலம் கத்திக் கத்திக் கட்டிக் காத்தது போய்விடும். ஷெர்வினை நினைத்தாள். முகூர்த்தமில்லாத மாதத்தை நினைத்தாள். பயத்தை அழுத்திவிட்டு, கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

ஜெபா பார்த்துச் சொன்னாள். மூக்குத்தி போட்ட ஒரு பெண்ணின் படத்திலும் இன்னும் ஓரிரண்டிலும் மாறியிருந்தது. மற்றதெல்லாம் பொருத்தம். கடைசி இரண்டு படத்திலும் மெஷின் சொன்னது ஒன்று, இவர்கள் இருவரும் சொன்னது வேறு, அதுவும் ஒரே மாதிரி. வெங்கட் திரையைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், சரி போய் வேலையைப் பாருங்க என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவரிடம் யார் எதிர்பார்த்தது?

வனஜா முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். சகாயம்மாள் ஜெபாவை மடக்கினாள்.

“என் படத்த எடுத்துடு பாப்பா. அது மெஷினுக்குப் போவ வேணாம்.”

“ரெண்டு பேர் ஒரே மாதிரி சொல்லிட்டா தானாப் போயிடும்மா. இந்நேரம் போயிருக்கும்.”

போயிருக்கும். இனி எந்த ஊரில் எந்தக் கேமரா முன்னால் எந்தப் பெண் இப்படிப் புருவத்தை முட்டிக்கொண்டு கத்தினாலும் மெஷின் பயம் என்று எழுதக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொடுத்தது சகாயம்மாளும் அவள் பகையாளியும். அன்று சாயங்காலம் வரை அவள் எதிரே வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறினாள்.

பட்டரவாக்கத்தில் ரயில் ஏறியபோது லேடீஸ் பெட்டியில் அடைசல். மறுகோடிக்குப் போக வழியில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து இருவரையும் ஒரே ஜன்னலோரம் நிறுத்திவிட்டது. அம்பத்தூர் போயிற்று, திருமுல்லைவாயில் போயிற்று. அதற்குமேல் சகாயம்மாளால் முடியவில்லை.

“எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?”

வனஜா திரும்பவில்லை. கேள்வி எதைப் பற்றியது என்றும் கேட்கவில்லை. “தட்டைக் குடுத்த அன்னைக்கே,” என்றாள்.

“தெரிஞ்சிகினா இத்தினி வருஷம் வாய மூடிகினு இருந்த?”

“ஊரு எளக்காரமாப் பாத்துருமோன்னு பயந்துபோய்க் கத்துறீங்கன்னு தெரியும். அதுக்காக, எங்கப்பா போன எழவை நீங்க தெருவுல வச்சுக் கேட்டது இல்லேன்னு ஆயிருமா?”

ஆகாது. அது சகாயம்மாளுக்கும் தெரிந்தது. நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது. மன்னிப்பு என்று ஊரார் சொல்வது அதைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அதைச் சொல்ல வேண்டும், இப்போதே, அண்ணனூர் வருவதற்குள் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் அவள் என்ன சொல்வாளோ, வேண்டாம் என்று தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று அதே கணத்தில் பயம் பிடித்துக்கொண்டது. எத்தனையோ வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

“என் மூஞ்சியப் பாக்குற வேலய இன்னியோட வுட்டுடு, சொல்லிட்டேன்.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. பூக்கூடைக்காரி பார்த்தாள், காலேஜ் பெண்கள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். எள்ளும் கொள்ளும் வெடிக்கிற ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று திரும்பிக்கொண்டார்கள். வனஜாவும் பார்த்தாள், கொஞ்ச நேரம்தான். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த தன் கையின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு, மாடியில் துணியோடு நின்ற அன்று செய்த மாதிரியே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.